தொடுபடமும் தொடுபலகையும்: எதற்கு எந்த முறை?

பார்வையற்றோருக்கான தொடுபடத்தை எந்த முறையில் செய்தாலும், முதலில் படத்தின் விவரங்களைக் குறைத்தாக வேண்டும். கண் முழுப் படத்தையும் ஒரே வீச்சில் பார்த்துவிடும். விரல் துண்டு துண்டாகத் தடவித்தான் முழுதைக் கூட்டிக்கொள்ளும். தமிழ்நாட்டு ஆறுகளைக் காட்டும் வரைபடத்தில் மாவட்ட எல்லைகளுக்கு வேலையில்லை. கடற்கரைக்குத் தடித்த கோடு, மாநில எல்லைக்கு விட்டுவிட்டு வரும் கோடு, ஆற்றுக்கு மெல்லிய கோடு, கடலுக்குச் சொரசொரப்பு: இவை போதும். கோடுகளுக்கு நடுவே 3 மி.மீ. இடைவெளியாவது வேண்டும், நெருங்கினால் விரலுக்கு இரண்டும் ஒன்றாகிவிடும். காவிரி டெல்டாவின் கிளையாறுகள் இந்தக் கணக்கில் அடங்கமாட்டா; அந்தப் பகுதியைப் பெரிதாக்கித் தனித்தாளில் தருவதே வழி. படத்தைச் சுருக்கும்போது பிரெய்லையும் சேர்த்துச் சுருக்கிவிடக் கூடாது. புள்ளிக்குப் புள்ளி சுமார் 2.5 மி.மீ. என்ற அளவு மாறினால் படிக்க வராது. இடம் போதாவிட்டால் ஓரிரு எழுத்தில் குறியிட்டு, விளக்கத்தைத் தனியே தரலாம்.

அவசரத்துக்கும் சில பிரதிகளுக்கும் வீங்குதாள் ஏற்றது. கருப்பு மையில் அச்சிட்டுச் சூடேற்றும் கருவிக்குள் விட்டால், கருப்பு வெப்பத்தை உறிஞ்சி, தாளிலுள்ள நுண்குமிழ்கள் அங்கே மட்டும் வீங்கும். தாள் விலை அதிகம். கோடுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரத்தில்தான் எழும்.

இதயத்தின் அறைகளைப் போல மேடுபள்ளம் முக்கியமென்றால் தெர்மோஃபார்ம் நல்லது. நூல், மணல்தாள், அட்டை ஒட்டிச் செய்த மூலத்தின் மேல் பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி, காற்றை உறிஞ்சிப் படியவைப்பார்கள். மூலம் செய்யத்தான் நேரம் பிடிக்கும். பிரதிகள் மளமளவென்று வரும். புழுக்கமான ஊரில் வியர்த்த விரல் பிளாஸ்டிக்கில் ஒட்டும் என்பது சின்னக் குறையல்ல.

பாடமும் படமும் ஒரே தாளில், நிறையப் பிரதிகள் வேண்டுமானால், தாளில் புள்ளிகளைப் புடைக்கவைக்கும் அச்சுப்பொறியான பிரெய்ல் எம்பாஸர். பட்டை வரைபடத்துக்கு அருமை. படம் புள்ளிகளால் ஆனது என்பதால் வளைகோடு படிக்கட்டாகத் தட்டுப்படும். முப்பரிமாண அச்சோ, மூலக்கூறு, கோபுரம் போலத் தாளில் தட்டையாக்க முடியாதவற்றுக்கு மட்டும். வகுப்பிலேயே வரைய ரப்பர் பலகையும் அதன் மேல் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் போதும்.

அறிவிப்புப் பலகைக்குத் தேவையே வேறு: ஆயிரம் கைகள் தடவினாலும் தேயக் கூடாது. உலோகம் உழைக்கும், ஆனால் வெயிலில் தொட முடியாதபடி சுடும், நிழலுக்கே ஆகும். அக்ரிலிக்கில் துளையிட்டுச் சிறு மணிகளைப் பதித்த பிரெய்ல் தடவ இதமானது. ஸ்டிக்கர் உரியும், தற்காலிகத்துக்கு மேல் நம்ப வேண்டாம். எழுத்துகள் பொறித்துக் குழிந்தவையாக அல்லாமல் புடைத்திருக்க வேண்டும். அமெரிக்காவின் 2010 அணுகல் தரநிலை, புடைப்பு குறைந்தது 0.8 மி.மீ., எழுத்தின் உயரம் 16 முதல் 51 மி.மீ. என்கிறது. தரையிலிருந்து 1,220 முதல் 1,525 மி.மீ. உயரத்துக்குள், கதவின் தாழ்ப்பாள் பக்கச் சுவரில் பொருத்த வேண்டும். பார்வைக் குறைபாடுள்ளோரில் பெரும்பாலோருக்கு ஓரளவு பார்வை மிச்சமிருப்பதால், பளபளக்காத பரப்பும் எடுப்பான நிற வேறுபாடும் அவசியம்.

தமிழ், ஆங்கில பிரெய்ல் இரண்டும் அதே ஆறு புள்ளிகளைப் பயன்படுத்துவதால், தொட்டவுடன் எது எந்த மொழி என்று தெரியாது; எந்த மொழி மேல்வரி என்பதைக் கட்டடம் முழுவதும் ஒரே மாதிரி வைக்க வேண்டும். பொருத்துபவருக்கு பிரெய்ல் தெரியாவிட்டால் தலைகீழாகவும் மாட்டிவிடுவார். திருகு இறுக்குமுன் பிரெய்ல் படிப்பவர் ஒருவர் தடவிப் பார்த்துவிடுவது நல்லது.