வளர்ந்த பிள்ளைகளோடு கேரவன் பயணம்

கேள்வி: மெல்போர்னில் வசிக்கிறோம். மகனுக்கு 16 வயது, மகளுக்கு 13. கேரவன் வாங்கி ஆஸ்திரேலியாவைச் சுற்ற ஆசை. எப்படிப்பட்டதை வாங்கலாம்?

பதில்: வாங்கும் முன் பிள்ளைகளையும் அழைத்துப் போய், அடுக்குப் படுக்கையில் கால் நீட்டிப் படுக்கச் சொல்லுங்கள். பல கேரவன்களில் அது சின்னப் பிள்ளைகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. நெடுநெடுவென்று வளர்கிற பையன் முழங்காலை மடக்கித்தான் தூங்க வேண்டியிருக்கும். படுக்கை எவ்வளவு எடை தாங்கும் என்றும் கேளுங்கள். ஆளுக்கொரு திரை, விளக்கு, சார்ஜ் போட இடம் அவசியம். இந்த வயதில் தங்களுக்கென்று ஒரு மூலை வேண்டும். மகன் ஒத்துக்கொண்டால், அவனுக்கு வெளியே ஒரு கூடாரம் போட்டுக் கொடுத்துவிட்டுச் சிறிய கேரவனே வாங்கலாம். நான் அதையே சொல்வேன்.

பலரும் கோட்டை விடுவது எடையில். கேரவனில் பொருத்தியிருக்கும் தகட்டில் 'ஏடிஎம்' என்றிருப்பது சாமான்களோடு சேர்த்த உச்ச எடை. அதில் வெற்று எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் உங்களுக்கு. 100 லிட்டர் தண்ணீரே 100 கிலோ. நாலு பேர் துணி, பாத்திரம், அரிசி, சைக்கிள் எல்லாம் மீதியில் அடங்க வேண்டும். உங்கள் கார் அந்த எடையை இழுக்குமா என்று கையேட்டில் பாருங்கள். ஓடும் கேரவனுக்குள் யாரும் இருக்கக் கூடாது என்பது சட்டம். அதனால் காரின் பின்சீட்டில் இருவருக்கும் கால் வைக்கத் தாராளமாக இடம் வேண்டும்.