சர்க்கரைக்கொல்லி: பெயரும் பயனும்

நீரிழிவு சிகிச்சைக்கு எம்மிடம் வருவோரில் சிலர், சர்க்கரைக்கொல்லிப் பொடியை வெந்நீரில் கலந்து நாள்தோறும் பருகுவதாகக் கூறுகின்றனர். பெயரே பயனைச் சொல்கிறது என்பது அவர்களது நம்பிக்கை. அப்பெயர் உண்மையில் எதைச் சொல்கிறது எனக் காண்போம்.

இக்கொடியின் மற்றொரு தமிழ்ப்பெயர் சிறுகுறிஞ்சான். வடமொழியில் இது ‘மேஷசிருங்கி’, அதாவது ஆட்டுக்கொம்பு. காயின் வடிவத்தால் வந்த பெயர். இந்தியில் ‘குட்மார்’, அதாவது வெல்லத்தை அழிப்பது. சர்க்கரைக்கொல்லி என்பதும் இதே பொருளுடையது.

இவ்விலையை மென்றபின் சர்க்கரையை வாயிலிட்டால் மணலைப்போல் சுவையற்றிருக்கும். இலையிலுள்ள ஜிம்னமிக் அமிலங்கள் நாவின் இனிப்பு உணர்விகளைச் சிறிது நேரம் தடுப்பதே காரணம். எனவே இலை ‘கொல்வது’ நாவின் இனிப்புச் சுவையை. சுவை மறைந்ததால் இரத்தச் சர்க்கரை குறைந்துவிட்டதாகாது.

சிறிய ஆய்வுகள் சிலவற்றில் இரத்தச் சர்க்கரை ஓரளவு குறைந்தது உண்மையே. ஆயினும் மாத்திரைக்கோ இன்சுலினுக்கோ மாற்றாகக் கொள்ள அச்சான்று போதாது.

இதில் இருவகை ஆபத்துகள் உள்ளன. பானத்தை நம்பி மருந்தை நிறுத்தினால் சர்க்கரை கட்டுக்கடங்காமல் உயரும். முதல்வகை நீரிழிவில் இன்சுலினை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மாறாக, மருந்துடன் பானத்தையும் சேர்த்தால் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே தாழக்கூடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, மனக்குழப்பம் ஆகியன அதன் அறிகுறிகள். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடங்களில் மீண்டும் சோதியுங்கள். இலையின் விளைவால் இனிப்புத் தெரியவில்லை என்று நோயாளர் கூறினாலும் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

குடும்பத்தினர் கவனத்திற்கு:

• வீட்டில் பருகும் மூலிகைப் பானங்களைத் தயங்காமல் மருத்துவரிடம் கூறுங்கள். பொட்டலத்தையும் கொண்டு வாருங்கள்.

• மருத்துவரைக் கேளாமல் எம்மருந்தையும் நிறுத்தவோ குறைக்கவோ வேண்டா.

• கருவுற்றோரும் பாலூட்டுவோரும் இப்பானத்தைத் தவிர்ப்பது நன்று.

• அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் முன்னதாகவே தெரிவியுங்கள்.

மூலிகையைப் பருகுவோரை நாங்கள் கடிந்துகொள்வதில்லை. மறைத்துப் பருகுவதே எமக்குக் கவலை தருகிறது. ஒரு பானம் பயன் தருகிறதா என்பதை அதன் பெயர் கூறாது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை செய்யும் எச்பிஏ1சி பரிசோதனை கூறும்.