டெல்லியின் சொந்த மரங்கள்

கேள்வி: மகள் வீட்டுக்கு டெல்லி வந்திருக்கிறேன். சாலையெங்கும் வேம்பும் நாவலும் பார்த்தாயிற்று. இந்த மண்ணுக்கே உரிய மரஞ்செடிகளை எங்கே பார்க்கலாம்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: அந்தச் சாலை மரங்கள் புதுடெல்லியைக் கட்டியபோது திட்டமிட்டு நட்டவை. இம்மண்ணின் தாவரங்களைக் காண ஆரவல்லிப் பாறைமேடுகளுக்குப் போக வேண்டும். ‘ரிட்ஜ்’ எனப்படும் அந்த மேடுகளிலும் இன்று மண்டிக் கிடப்பது, ஆங்கிலேயர் காலத்தில் வந்த சீமைக்கருவேலம். நம் கண்மாய்களைப் பிடித்துக்கொண்ட அதே மரம்!

வசந்த் விஹாரை ஒட்டிய ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்காவுக்கு முதலில் போங்கள். சுரங்கக் குழிகளாகக் கிடந்த நிலத்தில் சொந்த மரங்களை மீண்டும் வளர்த்திருக்கிறார்கள். பாறையிலும் வேர்பிடிக்கும், சிற்றிலைகள் கொண்ட ‘தௌ’ மரத்தைத் தேடிப் பாருங்கள். மார்ச்சில் ‘டாக்’ மரம் தீக்கொழுந்தாய்ப் பூத்திருக்கும். அது வேறல்ல, புரசைவாக்கத்துக்குப் பெயர் தந்த நம் புரசுதான்.

தௌ மரங்கள் காடாகவே நிற்பதைக் காண, ஃபரிதாபாத் மாவட்டத்து மாங்கர் பனிக்குப் போகலாம். ஊர்மக்கள் கோயில்காடாகப் போற்றிக் காத்த இடம். ஒரு சுள்ளியைக்கூட ஒடிக்காதீர்கள். பிரதீப் கிருஷன் 2006-இல் எழுதிய ‘ட்ரீஸ் ஆஃப் டெல்லி’ கையில் இருந்தால் மரங்களை அடையாளம் காண்பது எளிது.