இரண்டாவது ஆளுக்கு இடமில்லாத சமையலறை

அன்புள்ள வாசகருக்கு,

அடுப்பும் தொட்டியும் அலமாரியும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன, ஆனால் இன்னொருவர் உள்ளே வந்தால் இடித்துக்கொள்கிறது, யார் சொல்லிக்கொடுத்த கணக்கு இது, சுவரை இடித்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

கணக்கு ஜெர்மனியில் போட்டது. முதல் உலகப் போருக்குப் பின் வீட்டுப் பஞ்சத்தில் தவித்த ஃபிராங்ஃபர்ட் நகரம், கட்டடக்கலைஞர் ஏர்ன்ஸ்ட் மாய் தலைமையில் குறைந்த வாடகைக் குடியிருப்புகளைக் கட்டியது. அவற்றுக்காக 1926-இல் சமையலறை வரைந்தவர் வியன்னாவின் மார்கரெட்டே லிஹோட்ஸ்கி. அகலம் சுமார் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ரயிலின் உணவுப் பெட்டியில் அத்தனை பேருக்கும் சமைத்துத் தரும் குறுகலான அடுக்களைதான் அவருக்கு முன்மாதிரி. தொழிற்சாலையில் கடிகாரம் வைத்து வேலையை அளப்பதுபோல வீட்டு வேலையையும் அளக்கலாம் என்று அமெரிக்காவின் கிறிஸ்டின் ஃபிரெடெரிக் எழுதியிருந்ததையும் அவர் படித்திருந்தார்.

ஜன்னலோரம் வெட்டுப்பலகை, உட்கார்ந்தே நறுக்கச் சுழலும் முக்காலி, காய்கறிக் கழிவைத் தள்ளப் பலகையின் அடியிலேயே ஒரு இழுப்பறை. அரிசி, சர்க்கரைக்கு அப்படியே கவிழ்த்துக் கொட்டும் மூக்கு வைத்த அலுமினியப் பெட்டிகள். மாவுக்கு மட்டும் பூச்சி அண்டாதென்று ஓக் மரம். மடித்து வைக்கும் இஸ்திரிப் பலகை வேறு. ஏறக்குறைய 10,000 வீடுகளில் இது பொருத்தப்பட்டது. இன்று கடைகளில் விற்கும் மாடுலர் கிச்சனுக்கு இதுவே மூதாதை.

லிஹோட்ஸ்கியின் நோக்கத்தில் குறையில்லை. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அடுப்படியில் கழியும் நேரம் குறைய வேண்டும் என்றே அவர் நினைத்தார். பிற்காலத்தில் நாஜிகளை எதிர்த்துச் சிறை சென்றவர். 2000-இல், 102 வயதில் மறைந்தார். இந்தச் சமையலறையை வரையும்வரை தாம் சமைத்ததே இல்லை என்றும் அவரே சொல்லியிருக்கிறார்.

நடையைக் குறைத்த அந்தக் கணக்கு, சமைப்பவர் ஒருவர்தான், அவர் பெண்தான் என்பதையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. கூடத்தில் விளையாடும் பிள்ளையைக் கவனிக்க ஒரு தள்ளுகதவு வைத்தார்கள். உடன் நின்று வேலை செய்ய வருபவருக்கு இடம் வைக்கவில்லை. 1970-களில் ஐரோப்பியப் பெண்ணியர்கள் இதைத்தான் குறை சொன்னார்கள்.

தாங்குசுவர் இல்லையென்று பொறியாளர் உறுதி சொன்னால் தயங்காமல் இடியுங்கள். ஆனால் அங்கே வந்து நிற்கப்போகும் இரண்டாவது ஆள் யார் என்பதை, கொத்தனார் வருவதற்கு முன்பே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்