சொந்த இடத்துப் பலகையைக் கேட்க ஆளில்லையா?

"என் பட்டா நிலம், என் மொட்டைமாடி. அதில் நான் என்ன பலகை வைத்தால் மாநகராட்சிக்கு என்ன?" விளம்பரப் பலகை விதிகளைத் திருத்தும் பேச்சு எழும்போதெல்லாம் முதலில் கிளம்புவது இந்தக் கேள்விதான். இந்த நம்பிக்கையில் பாதி சரி. இடம் அவருடையது, ஆனால் பலகை யாருக்காக நிற்கிறது? தெருவில் போகிறவர் பார்க்க மாட்டார் என்றால் அந்த மொட்டைமாடிக்கு ஒரு ரூபாய்கூட வாடகை வராது. சென்னைப் பலகைகள் பற்றிய நோவா ஆட்ஸ் வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றமும் இந்த வழியில்தான் யோசித்தது. தனியார் இடத்துப் பலகையும் பொதுச் சாலையை ஒட்டியே, சாலைக்குத் தெரியும்படியே நிற்கிறது. கட்டடத்துக்கும் கீழே போகிறவருக்கும் ஆபத்தாகலாம். வண்டி ஓட்டுபவரின் கவனத்தைத் திருப்பலாம். ஆகவே அதற்கும் உரிமம் வேண்டும் என்று சொல்லி, 2003-ஆம் ஆண்டு விதிகள் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. பேச்சுரிமை, தொழில் உரிமை என்ற வாதங்களும் அங்கே வைக்கப்பட்டன, எடுபடவில்லை.

"இத்தனை வருஷமாக நிற்கிறது, இனிமேலா விழப்போகிறது?" என்பது இதைவிட ஆபத்தான நம்பிக்கை. இரும்புச் சட்டம் நாள்பட நாள்பட உறுதி இழக்கும். கடற்காற்றில் முதலில் துருப்பிடிப்பவை போல்ட்டும் வெல்டிங் இணைப்பும். ஃபிளெக்ஸ் துணி மறைத்திருப்பதால் கீழிருந்து பார்ப்பவருக்கு அவை தெரியாது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பலகைமேல் விழும் விசை நான்கு மடங்காகும். மும்பை காட்கோபரில் 2024 மே 13 அன்று பெட்ரோல் பங்க்மீது சரிந்து 17 பேரைக் கொன்ற பலகை 120-க்கு 120 அடி. மாநகராட்சி அனுமதிக்கும் உச்ச அளவோ 40-க்கு 40 அடிதான். அதாவது, காற்று மோதும் பரப்பு ஒன்பது மடங்கு! அந்த நிலம் ரயில்வே போலீஸ் வசம் இருந்ததால் மாநகராட்சி அனுமதி தேவையில்லை என்ற வாதமும் இருந்தது. நிலம் யாருடையது என்று பார்த்துக் காற்று வீசுவதில்லை. திருத்தப்படும் எந்த விதியும் தனியார் நிலம், அரசு நிலம், ரயில்வே நிலம் என்று விலக்கு வைக்கக் கூடாது.

ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டுக் கோப்பை மூடிவிடுவதும் போதாது. தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகளின் புதிய விதிகள் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. ஜூன் 1 அன்று கோவை அருகே கருமத்தம்பட்டியில், பலத்த காற்றில் பலகைச் சட்டம் சரிந்து, மேலே வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளர்கள் 3 பேர் இறந்தார்கள். ஏட்டில் விதி இருந்தால் போதாது, ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் பொறியாளர் ஏறிப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

இதெல்லாம் சிறு கடைக்காரரின் வயிற்றில் அடிக்கும் என்பார்கள். இது நியாயமான கவலை. ஆனால் கடைக்காரர் தன் கடை வாசலில் பெயர் எழுதுவது வேறு, மாடியை விளம்பர நிறுவனத்துக்கு வாடகைக்கு விடுவது வேறு. பிரேசிலின் சாவோ பாவுலோ நகரம் 2007-இல் விளம்பரப் பலகைகளைத் தனியார் இடங்களிலிருந்தும் அகற்றியது. கடைப் பெயர்களுக்கோ இடம் விட்டது. முகப்பு 10 மீட்டருக்குக் குறைவென்றால் 1.5 சதுர மீட்டர், அதற்கு மேல் 100 மீட்டர் வரை 4 சதுர மீட்டர். எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்றால், பக்கத்துக் கடையின் ராட்சதப் பலகைக்குப் பின்னால் மறைந்துபோகிறவர் சிறு வியாபாரிதானே, அவருக்குத்தான் அது லாபம். மாநகராட்சி வருமானம் குறையும் என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை: உரிமமில்லாத பலகை உரிமக் கட்டணம் கட்டுவதில்லை.

மாடியை வாடகைக்குக் கேட்டு யாராவது வந்தால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் உரிம நகலையும் கட்டமைப்புப் பொறியாளரின் சான்றிதழையும் வாங்கிப் பாருங்கள். இரண்டில் ஒன்று இல்லை என்றாலும் மறுத்துவிடுங்கள்.