கப்பலூரில் ஒரு 3டி பிரிண்டர்: எதை எங்கே வாங்குவது?

வீட்டு மேஜையில் வைத்து ஓட்டுகிற 3டி பிரிண்டரைச் சொந்தமாகக் கட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "சாமான் எல்லாம் சென்னையில்தான் கிடைக்குமா?" என்பதுதான். அப்படி இல்லை. மதுரையிலிருந்து திருமங்கலம் போகும் பஸ் பாதையிலேயே பாதி வேலையை முடித்துவிடலாம். அந்தப் பாதையில் உள்ள கப்பலூரில் சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. 1936இல் தொடங்கிய தியாகராசர் மில் இருக்கிறது. நூற்பாலையும் அரிசி ஆலையும் கிணற்று மோட்டாரும் ஓடுகிற வட்டாரத்தில் பேரிங் கடைக்கும் போல்ட் கடைக்கும் லேத் பட்டறைக்கும் பஞ்சம் இருக்காது. மீதிப் பாதி கூரியரில் வரவேண்டியது. எதைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குவது, எதை வரவழைப்பது, எதில் சிக்கனமே கூடாது என்பதை வேலை நடக்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். காசு மிச்சமாகும் என்று எண்ணிக் கட்டாதீர்கள். ஆயிரக்கணக்கில் செய்து குவிக்கிற சீனத்துக் கிட்டின் விலைக்கு உதிரியாக வாங்கி யாராலும் ஈடுகொடுக்க முடியாது. கட்டுவதில் கிடைக்கும் லாபம் வேறு. இயந்திரம் பாதியில் நின்றால் எந்தத் திருகைத் தொட வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். சர்வீஸ் ஆளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

முதல் வேலை: வரைபடத்தை முடிவு செய்யுங்கள்

சொந்தமாக வடிவமைக்கும் ஆசையை இரண்டாவது இயந்திரத்துக்குத் தள்ளிவையுங்கள். முதல் இயந்திரத்துக்கு புரூசா ஐ3 வகையே போதும். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் 2005இல் தொடங்கிய ரெப்ராப் திட்டத்தின் வழியில், செக் நாட்டு யோசெஃப் புரூசா 2012இல் வெளியிட்ட வடிவம் அது. தன் பாகங்களைத் தானே அச்சடித்துக்கொள்ளும் இயந்திரம் வேண்டும் என்பதுதான் ரெப்ராப்பின் கனவு. பிளாஸ்டிக் பாகங்களின் கோப்புகள், அளவுகள், சாமான் பட்டியல் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கும் இந்த வகைப் பிரிண்டருக்கு அடிப்படையான ஸ்ட்ராடசிஸ் காப்புரிமை 2009இல் காலாவதியான பிறகுதான் இது வீடுகளுக்குப் பரவலாக வர முடிந்தது.

சாமான் பட்டியலைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே உள்ளூர், கூரியர், பட்டறை என்று ஏதாவது ஒன்றைக் குறியுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கக் கூடாது. கூரியரில் வருவதை முதலில் ஆர்டர் செய்யுங்கள். அது வந்தபின் கையில் வைத்து அளந்து பார்த்துத்தான் பட்டறைக்குப் போக வேண்டும். ஸ்கேல் போதாது, வெர்னியர் காலிப்பர் கட்டாயம் வேண்டும்.

சட்டம்

இரண்டு வழி இருக்கிறது. 20க்கு 20 மில்லிமீட்டர் அலுமினிய புரொஃபைலில் கட்டலாம், அல்லது தகட்டில் வெட்டிய சட்டம் வைக்கலாம். ஜன்னல், பார்ட்டிஷன் செய்கிற அலுமினியக் கடையில் கிடைக்கும் செக்‌ஷன் வேறு, நமக்கு வேண்டிய டி-ஸ்லாட் புரொஃபைல் வேறு. ஜன்னல் செக்‌ஷனின் சுவர் மெல்லியது, நட்டு உட்காரும் பள்ளமும் அதில் கிடையாது. புரொஃபைலை அளவு சொல்லி வெட்டியே வரவழைக்கலாம். வந்ததும் ஒவ்வொரு முனையிலும் மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். வெளிச்சம் தெரிந்தால் அந்தத் துண்டைத் திருப்பி அனுப்புங்கள். முனை கோணலாக இருந்தால் சட்டம் முழுதும் கோணலாகும், எந்த மென்பொருளும் அதை நேர்செய்யாது.

தகடு என்றால், கேட்டும் பெயர்ப்பலகையும் வெட்டித் தரும் லேசர் கட்டிங் பட்டறையில் 6 மில்லிமீட்டர் அலுமினியத்தில் கேளுங்கள். எல்லா லேசரும் அலுமினியம் வெட்டாது என்பதால் கேட்டுவிட்டுப் போவது நல்லது. கோப்பை டிஎக்ஸ்எஃப் வடிவில், ஒன்றுக்கு ஒன்று அளவில் கொடுங்கள். அக்ரிலிக் சட்டம் வேண்டாம். திருகு இறுக்கும் இடத்தில் விரிசல் விடும்.

கம்பியும் பேரிங்கும்

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. ஐ3க்கு 8 மில்லிமீட்டர் கம்பி ஆறு வேண்டும். மூன்று அச்சுக்கும் இரண்டிரண்டு. இரும்புக் கடையில் 8 மில்லிமீட்டர் என்று கேட்டால் பிரைட் பார் தருவார்கள். பார்க்கப் பளபளப்பாக, விலையும் குறைவாக இருக்கும். ஆனால் அது கெட்டிப்படுத்தாத இரும்பு. எல்எம்8யுயு என்கிற லீனியர் பேரிங்கின் உள்ளே ஓடும் குண்டுகள் அதில் கோடு கோடாகப் பள்ளம் போட்டுவிடும். வேண்டியது கெட்டிப்படுத்தி, கிரைண்டிங் செய்து, குரோம் பூசிய ஷாஃப்ட். பிரைட் பார்தான் கிடைத்தது என்றால் குண்டு பேரிங்கை விட்டுவிட்டு பிளாஸ்டிக் புஷ் வகைக்கு மாறிவிடுங்கள்.

கடையில் இந்த உரையாடலுக்குத் தயாராக இருங்கள்.

"அண்ணே, எட்டு எம்எம் லீனியர் பேரிங் இருக்காண்ணே?"

"அறுநூத்தி எட்டா தம்பி?"

இரண்டுக்கும் உள்துளை 8 மில்லிமீட்டர்தான் என்பதால் வருகிற குழப்பம் இது. 608 என்பது சுழலும் பேரிங்: வெளி விட்டம் 22, தடிமன் 7. எல்எம்8யுயு நீளவாக்கில் வழுக்குவது: வெளி விட்டம் 15, நீளம் 24. முதல் வகை எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும். இரண்டாவது இல்லையென்றால் கூரியரில் பத்து, பன்னிரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள். பில்லோடு வாங்குங்கள், தனித்தனியாக உறையிட்டு எண்ணெய் தடவி வந்திருக்கிறதா பாருங்கள்.

கம்பி நேராக இருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. கண்ணாடிக் கடையில் வாங்கிய தடித்த கண்ணாடித் துண்டில் வைத்து விரலால் மெல்ல உருட்டுங்கள். பின்னால் ஒரு விளக்கு இருக்கட்டும். கம்பிக்கும் கண்ணாடிக்கும் நடுவே வெளிச்சக் கீற்று தோன்றித் தோன்றி மறைந்தால் கம்பி வளைந்திருக்கிறது. நேரான கம்பி சத்தமில்லாமல் ஒரே சீராக உருளும். இசட் அச்சுக்கான லீட் ஸ்குருவையும் இதே கண்ணாடியில் உருட்டிப் பாருங்கள்.

நீளம் குறைக்க வேண்டுமானால் ஹேக்சா வேலைக்காகாது. கெட்டிப்படுத்திய கம்பியில் பிளேடு பல் இழந்துவிடும். கட்டிங் வீல் வைத்திருக்கிற பட்டறையில் வெட்டி, முனையைச் சரிவாகத் தேய்த்து வாங்குங்கள். கூர்முனையோடு கம்பியைச் செருகினால் பேரிங்கின் குண்டுகள் தெறித்து வெளியே வந்துவிடும்.

மோட்டார், பெல்ட்

நெமா 17 ஸ்டெப்பர் மோட்டார் ஐந்து: எக்ஸ், ஒய் அச்சுகளுக்கு ஒவ்வொன்று, இசட்டுக்கு இரண்டு, இழையைத் தள்ள ஒன்று. முகம் 42 மில்லிமீட்டர் சதுரம், ஒரு சுற்றுக்கு 200 அடி (ஸ்டெப்), பிடிப்பு விசை 4 கிலோ-சென்டிமீட்டர் பக்கம் இருந்தால் போதும். பழைய காகித பிரிண்டரைப் பிரித்தால் மோட்டார் கிடைக்குமே என்று தோன்றும். அவற்றில் பெரும்பாலானவை தகர டப்பா வகை, அடியும் பெரிது, பலமும் கிடையாது. பழைய டாட்மேட்ரிக்ஸ் பிரிண்டரின் கம்பியும் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளையின் விசிறியும் உதவலாம், மோட்டார் வேண்டாம்.

மோட்டார் வந்ததும் ஒரு சோதனை. நான்கு ஒயரில் இரண்டிரண்டாக முனைகளைச் சேர்த்துப் பிடித்துத் தண்டைச் சுழற்றுங்கள். சரியான ஜோடி சேர்ந்தால் தண்டு சட்டென்று கனக்கும். அந்த இரண்டும் ஒரே காயிலின் முனைகள். மல்டிமீட்டரில் சில ஓம் காட்டும். ஜோடி தெரியாமல் கட்டுப்பாட்டு போர்டில் செருகினால் மோட்டார் ஓடாமல் துடிக்கும்.

பெல்ட் விஷயத்தில் உள்ளூர்க் கடையை நம்பிப் போகாதீர்கள். மில் சாமான் கடையில் டைமிங் பெல்ட் தொங்கும், ஆனால் பல் இடைவெளி 5, 8 மில்லிமீட்டர் என்று பெரிது. நமக்கு ஜிடி2: பல் இடைவெளி 2, அகலம் 6. அதற்கு 20 பல் புல்லி. ஒரு சுற்றுக்கு 40 மில்லிமீட்டர் நகரும். போர்டில் மோட்டாரை இயக்கும் டிரைவர் ஒவ்வொரு அடியையும் 16ஆகப் பிரிக்கும்போது 200ஐ 16ஆல் பெருக்கி 40ஆல் வகுத்தால் மில்லிமீட்டருக்கு 80 அடி. போர்டில் ஏற்றும் மென்பொருளான ஃபர்ம்வேரில் போட வேண்டிய எண் அதுதான். ஒரு சுற்றுக்கு 8 மில்லிமீட்டர் ஏறும் லீட் ஸ்குருவுக்கு 400. இந்தக் கணக்கு பெல்ட்டையும் புல்லியையும் சேர்த்தே போட்டது. ஒன்றை ஒரு கடையிலும் மற்றதை இன்னொரு கடையிலும் தோராயமாக வாங்கினால் அளவு தப்பும். கண்ணாடியிழை கோத்த பெல்ட்டாக மூன்று மீட்டர் வாங்குங்கள்.

ஹாட் எண்டு

இழையை உருக்கிப் பிழியும் பாகம் இது. 1.75 மில்லிமீட்டர் இழைக்கு, 0.4 மில்லிமீட்டர் நாசில். உள்ளே டெஃப்லான் குழாய் போட்ட வகையே தொடக்கத்துக்கு நல்லது. மலிவான முழு உலோக வகையில் உட்துளை சொரசொரப்பாக இருந்தால் பிஎல்ஏ என்கிற பிளாஸ்டிக் இழை நடுவழியில் அடைத்துக்கொள்ளும். டெஃப்லானை 240 டிகிரிக்கு மேல் சூடாக்கக் கூடாது, பிஎல்ஏவுக்கு 200 பக்கமே போதும். பித்தளை நாசில் தேயும் பொருள், ஐந்தாறாக வாங்கி வையுங்கள்.

பவர் சப்ளை: இங்கே சிக்கனம் கூடாது

அச்சாகும் பொருள் உட்காரும் தட்டான பெட்டைச் சூடாக்கும் ஹீட்டர் 12 வோல்ட்டில் சுமார் 120 வாட், அதாவது 10 ஆம்பியர் இழுக்கும். ஹாட் எண்டு 40 வாட். மோட்டாரும் விசிறியும் சேர்த்தால் 200ஐத் தாண்டும். 20 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் கணக்கில் சரியாக இருந்தாலும் சித்திரை வெயிலில் திணறும். 30 ஆம்பியர், பெயருள்ள நிறுவனத்தின் சரக்கு, கடை பில்லோடு வாங்குங்கள். அதன் பக்கவாட்டில் 110, 220 என்று ஒரு சின்ன சுவிட்ச் இருந்தால், பிளக் செருகுமுன் 220இல் இருக்கிறதா பாருங்கள். மூன்று பின் பிளக், எர்த் ஒயர் சட்டத்தோடு இணைந்திருக்க வேண்டும். வீட்டு எர்த்தை எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கொண்டு சோதித்துவிடுங்கள்.

பெட்டுக்குப் போகும் ஒயர் 1.5 சதுர மில்லிமீட்டர், சிலிக்கான் உறை போட்டது. முனைக்கு ஈயம் வைத்துத் திருகுக்குள் செருகுவது நம்மூர் வழக்கம். இங்கே அது ஆபத்து. ஈயம் நாளடைவில் நசுங்கி இளகும், பிடி தளரும், தளர்ந்த இடம் சூடாகிக் கருகும். எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் லக்கைக் கிரிம்பிங் செய்து செருகுங்கள்.

ஹாட் எண்டு ஹீட்டரை வாங்கியதும் மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். 12 வோல்ட், 40 வாட் என்றால் 3.6 ஓம் காட்ட வேண்டும். 24 வோல்ட் ஹீட்டருக்கு 14.4. இரண்டும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். 12 வோல்ட் ஹீட்டருக்கு 24 வோல்ட் கொடுத்தால் 160 வாட் எரியும். வெப்பம் அளக்கும் தெர்மிஸ்டர் 25 டிகிரியில் 100 கிலோ ஓம். மதுரை மே மாதத்து 38 டிகிரி அறையில் அது 57 பக்கம் காட்டும். பழுது என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

போர்டுக்கு ஆர்டுயினோ மெகா 2560, அதன்மேல் ராம்ப்ஸ் 1.4. புதிய போர்டுகள் சத்தமில்லாமல் ஓடும், உண்மைதான். ராம்ப்ஸில் ஒரு டிரைவர் போனால் அதை மட்டும் பிடுங்கி மாற்றலாம் என்பதால் கற்றுக்கொள்பவருக்கு அதையே சொல்வேன். 24 வோல்ட் அதற்கு ஆகாது, 12இலேயே இருங்கள். பெட்டின் சுமையை அதில் ஏற்றாமல் தனி மாஸ்ஃபெட் பலகைக்குத் திருப்பிவிடுங்கள். கரண்ட் இருக்கும்போது மோட்டார் ஒயரைப் பிடுங்கினால் டிரைவர் செத்துவிடும்.

மார்லின் ஃபர்ம்வேரில் தெர்மல் ரன்அவே (சூடு கட்டுமீறுதல்) பாதுகாப்பு இயங்குகிறதா என்று சோதிக்காமல் முதல் அச்சைத் தொடங்காதீர்கள். மெயினை அணைத்து ஹீட்டர் ஒயரைக் கழற்றுங்கள். மெயினை மட்டும் மறுபடி போட்டு 200 டிகிரிக்குக் கட்டளை கொடுங்கள். சற்று நேரத்தில் பிழை காட்டித் தானே நிற்க வேண்டும். நிற்காத இயந்திரத்தை ஓட்டவே கூடாது. நின்றாலும், ஆளில்லாத வீட்டில் ஓட்ட வேண்டாம்.

வீட்டு இன்வெர்ட்டரில் இணைத்தால் அதன் யுபிஎஸ் நிலையில் வையுங்கள். மற்ற நிலையில் மாறும் இடைவெளி அதிகம், போர்டு ரீசெட் ஆகி வேலை பாழாகும்.

பிளாஸ்டிக் பாகங்கள்

பிரிண்டர் கட்ட பிரிண்டர் வேண்டும் என்கிற முடிச்சு இது. அடல் டிங்கரிங் லேப் உள்ள பள்ளிகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் 3டி பிரிண்டர் இருக்கிறது. ஆசிரியரிடம் கோப்பையும் இழையையும் கொண்டுபோய்க் கேளுங்கள். கூலிக்கு அச்சடித்துத் தருபவர்களும் இருக்கிறார்கள். பிஎல்ஏவில் அடிக்கச் சொல்லாதீர்கள். அது 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். நம்மூர் வெயிலில், மோட்டாரை ஒட்டிய பாகம் அந்தச் சூட்டை எளிதில் தொடும். பிஇடிஜி அல்லது ஏபிஎஸ் என்று எழுதியே கொடுங்கள்.

எம்3 போல்ட்டும் நட்டும் மதுரை மாசி வீதிகளைச் சுற்றியுள்ள ஹார்ட்வேர் கடைகளில் எடைக்கோ டஜன் கணக்கிலோ கிடைக்கும். ஆலன் தலையாக, 10 முதல் 30 மில்லிமீட்டர் வரை நான்கைந்து நீளத்தில் அள்ளிக்கொள்ளுங்கள். பெட்டின்மேல் வைக்க 4 மில்லிமீட்டர் கண்ணாடியை 200க்கு 200இல் வெட்டி, விளிம்பைத் தேய்த்து வாங்குங்கள்.

இயந்திரம் ஓடி, அளவு சரியாக வரத் தொடங்கியதும் பொம்மை அச்சடிக்குமுன் அதன் பிளாஸ்டிக் பாகங்களில் இரண்டு செட் பிஇடிஜியில் அடித்துவிடுங்கள். ஒன்று உங்களுக்கு உதிரி. மற்றதை, கப்பலூரிலோ திருமங்கலத்திலோ அடுத்துக் கட்ட நினைப்பவருக்கு, இழையின் விலையை மட்டும் வாங்கிக்கொண்டு கொடுங்கள்.