சீனாவில் ஆசிரியர் வேலை: அநுமதி முன்னே, பிரயாணம் பின்னே

நம் வியாபாரக் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று பட்டதாரிகளாக விளங்குகிறார்கள். தகப்பனார் கல்லாவில் அமர்ந்திருக்க, மகனோ மகளோ வெளிநாட்டுப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராகப் போக விரும்புவது இப்பொழுது சகஜமாகிவிட்டது. அது மகிழத்தக்க விஷயமே. ஆனால் சீனாவிலிருந்து வரும் அழைப்புகளைச் சற்று நிதானித்துப் பார்ப்பது நலம்.

காண்டன் சந்தைக்கும் ஈவூ மொத்தக் கடைகளுக்கும் போய்வந்து பழகிய நமக்குச் சீனா புதிய நாடன்று. அந்தப் பழக்கமே சில வேளைகளில் நம்மை ஏமாற்றிவிடும். சரக்குப் பார்க்கப் போகிறவருக்குரிய விதி வேறு. சம்பளத்துக்குப் பாடம் சொல்லப் போகிறவருக்குரிய விதி வேறு. இந்த வேற்றுமையை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. திறந்த கதவு எதற்காக?

மலேசியர் விசா இல்லாமலே சீனா செல்லும் சலுகை 2023 டிசம்பர் 1-ல் தொடங்கியது. பின்பு அது இரு நாட்டு ஒப்பந்தமாகி, 2025 ஜூலை 17 முதல் அமலுக்கு வந்தது. சிங்கப்பூருக்கும் சீனாவுக்கும் இடையே இத்தகைய ஏற்பாடு 2024 பிப்ரவரி 9-ல் தொடங்கியது. ஒரு தடவை போனால் 30 நாள் வரை தங்கலாம்.

வியாபாரப் பேச்சு, சுற்றுலா, உற்றார் உறவினரைக் காணுதல் முதலியவற்றுக்காகவே இக்கதவு திறந்திருக்கிறது. வேலை செய்வதற்கு இதில் இடமில்லை. ஒரு நாள் வகுப்பு எடுத்துச் சம்பளம் பெற்றாலும் அது வேலைதான். 'எம்' என்னும் வியாபார விசாவுக்கும், 'எல்' என்னும் சுற்றுலா விசாவுக்கும் இதே நிலைதான்.

ஏஜண்டு ஒருவர் உங்கள் மகளுக்கு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "டிக்கெட் எடுத்து உடனே வாருங்கள். வகுப்பு திங்கட்கிழமை ஆரம்பம். விசாவை இங்கே வந்த பின் மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார். மகள், "வாப்பா, 30 நாளுக்கு விசாவே தேவையில்லையே, போய்ப் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறாள். பெற்றவர் விழித்துக்கொள்ள வேண்டிய இடம் இதுவே. பர்மிட் இல்லாமல் சரக்கைக் கப்பலேற்றிவிட்டு, துறைமுகத்தில் வந்து சேர்ந்த பின் பர்மிட்டுக்கு அலைகிற வியாபாரி உண்டா? உள்நாட்டிலிருந்தபடியே மாற்றிக்கொள்ளும் வசதி உயர்திறன் வகுப்பினர் போன்ற சிலருக்கே உண்டு. சாதாரண ஆசிரியர் அதை நம்பிப் புறப்படலாகாது.

2. முறையான வழி யாது?

முதலாவது, வேலை கொடுக்கும் பள்ளியே சீன அதிகாரிகளிடம் மனுச் செய்ய வேண்டும். அதற்குப் பட்டச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்றிதழ், வைத்தியப் பரிசோதனை, ஒப்பந்தம் ஆகியவை தேவை. நன்னடத்தைச் சான்றிதழை மலேசியாவில் விஸ்மா புத்ராவும், சிங்கப்பூரில் போலீசுப் படையும் வழங்குகின்றன. பட்டச் சான்றிதழும் நன்னடத்தைச் சான்றிதழும் சீனாவில் செல்லத்தக்கவாறு முறைப்படி உறுதி செய்யப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது, மனு ஏற்கப்பட்டால் 'வெளிநாட்டவர் வேலை அநுமதி அறிவிப்பு' என்னும் கடிதம் பிறக்கும். பள்ளி அனுப்பும் நியமனக் கடிதம் வேறு, இது வேறு. முன்னது பள்ளியின் விருப்பம்; பின்னது சர்க்காரின் சம்மதம்.

மூன்றாவது, அந்த அறிவிப்பைக் காட்டி, இங்கேயே 'இஸட்' விசா பெற வேண்டும். வேலைக்குரிய விசா இதுதான்.

நான்காவது, அங்கே போய்ச் சேர்ந்ததும் வேலை அநுமதியை முடித்துக்கொண்டு, 30 நாளுக்குள் குடியிருப்பு அநுமதிக்குப் போலீசு அலுவலகத்தில் மனுச் செய்ய வேண்டும். ஓட்டலில் அல்லாமல் வீட்டில் தங்குகிறவர் 24 மணி நேரத்துக்குள் அவ்வட்டாரப் போலீசில் பதிந்துகொள்ளவும் வேண்டும். குடியிருப்பு அநுமதி தயாராகும் வரை பாஸ்போர்ட் போலீசு அலுவலகத்தில் இருக்கும். அதற்கு ரசீது தருவார்கள். இதற்கு 15 நாள் வரை ஆகலாம். ஆகவே அந்த நாட்களில் ஊருக்குத் திரும்பும் பிரயாணம் எதுவும் வைத்துக்கொள்ளாதிருப்பது நல்லது.

போலீசிடம் பாஸ்போர்ட் கொடுப்பது முறை. முதலாளி அதை வாங்கிப் பூட்டி வைப்பது முறையன்று. 2008-ல் அமலுக்கு வந்த சீனத் தொழிலாளர் ஒப்பந்தச் சட்டம், வேலைக்காரரின் அடையாளப் பத்திரங்களை முதலாளி பிடித்து வைப்பதையும், ஜாமீன் பணம் கேட்பதையும் தடுக்கிறது.

3. ஆங்கிலம் கற்பிப்பவருக்குரிய தடை

நம்மவரில் பலர் அறியாத விதி ஒன்று உண்டு. சீனாவில் மொழி ஆசிரியராக வருபவர் பொதுவாகத் தம் தாய்மொழியையே கற்பிக்க வேண்டும். பட்டம் பெற்றிருக்க வேண்டும். 2 வருட அநுபவமும் வேண்டும். ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ் உடையவர்களுக்கு இந்த அநுபவ விஷயத்தில் சலுகை உண்டு. நம் பிள்ளைகள் எவ்வளவு சிறப்பாக ஆங்கிலம் பேசினாலும், இவ்விதியின் முன் மனு தடைப்படக்கூடும். கணிதம், விஞ்ஞானம் போன்ற பாடங்களைக் கற்பிக்கப் போகிறவரின் நிலை இதனின்றும் வேறு.

இத்தடையைத் தாண்டச் சில ஏஜண்டுகள் குறுக்குவழி காட்டுவார்கள். அநுமதிப் பத்திரத்தில் 'அலுவலக உதவியாளர்' என்று எழுதிக்கொண்டு, வகுப்பில் நிறுத்துவார்கள். அல்லது ஒரு கம்பெனியின் பெயரில் அநுமதி வாங்கி, வேறொரு பள்ளிக்கு அனுப்புவார்கள். அநுமதியில் கண்ட வரம்பை மீறிச் செய்யும் வேலையும் சட்ட விரோதமான வேலையே. பாஸ்போர்ட்டில் விசா முத்திரை இருப்பது மட்டும் பாதுகாப்பாகாது. மாலையில் வேறு இடத்தில் சொல்லிக்கொடுக்கும் டியூஷனும் இக்கணக்கில் சேரும்.

4. பிடிபட்டால் நேர்வது

2013 ஜூலை 1 முதல் அமலில் உள்ள சீன நுழைவு வெளியேற்றச் சட்டப்படி, அநுமதியின்றி வேலை செய்த வெளிநாட்டவருக்கு 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம். குற்றம் கடுமையானதென்று கருதப்பட்டால், அபராதத்தோடு 5 முதல் 15 நாள் வரை காவலும் உண்டு. வேலை கொடுத்தவருக்கு ஆளுக்கு 10,000 யுவான் வீதம், மொத்தம் 1,00,000 யுவானுக்கு மேற்படாமல் அபராதம். இடையில் நின்ற ஏஜண்டுக்கும் தண்டனை உண்டு.

பண நஷ்டம் ஈடு செய்யக்கூடியது. அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்றுண்டு. இவ்வாறு திருப்பி அனுப்பப்பட்டவர் 1 முதல் 5 வருடம் வரை சீனாவுக்குள் நுழைய முடியாது. நாடு கடத்தல் என்னும் கடுமையான உத்தரவு பிறந்தால் தடை 10 வருடம். நாளை தகப்பனாருக்கு வயதாகி, கொள்முதலுக்குப் போக வேண்டிய பொறுப்பு அந்தப் பிள்ளையின் தோளில் விழும்போது, காண்டனுக்குப் போகும் வழி அடைபட்டிருக்கும். சில மாதச் சம்பளத்துக்காகக் கடையின் நாளைய கொள்முதலைப் பணயம் வைப்பது வியாபாரிக்கு அழகா?

5. அநுமதி பள்ளியோடு கட்டுண்டது

முறைப்படி போனவரும் ஒன்றை மறக்கலாகாது. வேலை அநுமதி அந்த ஒரு முதலாளியைச் சார்ந்தது. 2021 ஜூலையில் சீன சர்க்கார், பள்ளிப் பாடங்களுக்கான தனியார் டியூஷன் நிலையங்களுக்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. லாப நோக்கம் கூடாது, வார இறுதியில் பாடம் கூடாது என்று உத்தரவாயிற்று. பல நிலையங்கள் மூடப்பட்டன. நிலையம் மூடினால் ஆசிரியருக்குச் சம்பளம் மட்டும் போவதில்லை. தங்கும் உரிமையும் ஆட்டம் காண்கிறது.

ஆகவே தனியார் டியூஷன் நிலையத்தைவிட, நிலைத்து நடக்கும் பள்ளியைத் தேர்வது மேல். வேலையை விடும்போது விலகல் சான்றிதழும், பழைய அநுமதி ரத்தான பத்திரமும் கேட்டு வாங்க வேண்டும். இவை இல்லாவிடில் அடுத்த பள்ளி புதிய அநுமதி வாங்குவது கடினம். குடியிருப்பு அநுமதியில் பதிந்த விவரம் மாறினால், 10 நாளுக்குள் போலீசு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும்.

6. வீட்டில் கேட்டுப் பார்க்க வேண்டிய வினாக்கள்

வேலைக் கடிதம் வந்த அன்றே, பிள்ளையை அருகில் உட்கார வைத்து இவற்றைக் கேளுங்கள்:

(அ) மனுச் செய்யும் பள்ளியின் பெயரும், பாடம் நடக்கப்போகும் பள்ளியின் பெயரும் ஒன்றுதானா?

(ஆ) வேலை அநுமதி அறிவிப்பு கைக்கு வந்துவிட்டதா? அதில் உத்தியோகம் என்னவென்று எழுதியிருக்கிறது?

(இ) உன் பட்டமும் நாடும் அந்த உத்தியோகத்துக்கு ஏற்கப்படும் என்பதற்குப் பள்ளி எழுத்தில் ஏதேனும் தந்திருக்கிறதா?

(ஈ) 'இஸட்' விசா ஒட்டிய பாஸ்போர்ட்டைக் காட்ட முடியுமா?

(உ) முன்பணமோ ஜாமீனோ கேட்கிறார்களா?

(ஊ) ஒப்பந்தத்தின் சீனப் பிரதியை, அம்மொழி அறிந்த நம்பிக்கையான ஒருவர் வாசித்துப் பார்த்தாரா?

இவற்றுக்கெல்லாம் திருப்தியான விடை கிடைத்தால் மனமார வாழ்த்தி அனுப்புங்கள். ஒன்றுக்கேனும் "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்பது விடையானால், டிக்கெட் எடுக்காதீர்கள். ஷாங்காயிலும் குவாங்சோவிலும் நம் இரு நாடுகளின் கான்சல் அலுவலகங்களும் உள்ளன. ஆபத்தில் உதவிக்கு வரும். ஆயினும் அந்நாட்டுச் சட்டத்தை மாற்ற அவற்றாலும் ஆகாது. ஒரு மாதம் தாமதமாகப் போகிற ஆசிரியருக்கு நஷ்டம் ஒரு மாதச் சம்பளமே. அவசரப்பட்டுப் போகிறவருக்கு நஷ்டம் எத்தனை வருடம் என்பதை மேலே கண்டோம்.